பழைய விண்டோஸில் மென்பொருளும் கேமும் செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பலர் கையில் இருப்பது அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினி. இல்லையென்றால், வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன லேப்டாப். பெரும்பாலும் விண்டோஸ் 7 தான் இருக்கிறது என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே போகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, எனக்க லேப்டாப்புல விண்டோஸ் 7 தான் கெடக்கு. இதுல கேம் செய்ய முடியுமா, இல்ல புதுசு வாங்கணுமா?

முடியும். 2டி விளையாட்டு, சின்ன 3டி விளையாட்டு, கணக்குப் பார்க்கும் மென்பொருள், இணையப் பக்கம் என எதையும் கற்றுக்கொண்டு முழுதாக முடிக்கிற அளவுக்கு அது போதும். முடியாதவையும் உண்டு. பெரிய 3டி விளையாட்டுகள் செய்யும் அன்ரியல் எஞ்சின் 5க்கு விண்டோஸ் 10 வேண்டும், நிரல் எழுதும் மைக்ரோசாஃப்ட் கருவியான விஷுவல் ஸ்டுடியோ 2022க்கும் அப்படியே. விளையாட்டுகள் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசப் பயன்படும் டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10க்காக வந்தது. அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இந்தக் கணினி உதவாது.

ஒரு நிபந்தனையோடுதான் முடியும் என்கிறேன். இதை வேலை செய்யும் கணினியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பணம், கடவுச்சொல், இணையத்தில் சுற்றுவது எல்லாம் வேறு கருவியில் நடக்கட்டும். கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

பழைய ஓஎஸ்னு சொல்றீங்களே, எதுவரைக்கும் பழசா இருக்கலாம்?

விண்டோஸ் எக்ஸ்பி வேண்டாம். 2001இல் வந்தது, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு நின்றது. பைத்தான் என்ற நிரல் மொழி அதில் 3.4 பதிப்பு வரைதான் ஓடும். இன்றைய இணையத்தளங்கள் கேட்கும் பாதுகாப்பு இணைப்பும் அதனிடம் இல்லை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்தது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை திருத்தங்கள் வந்தன. அதே 2023 ஜனவரியில் விண்டோஸ் 8.1க்கும் முடிந்தது.

இப்போது விண்டோஸ் 10உம் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அதன் கடைசி நாள். வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் அந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். விண்டோஸ் 11 ஏற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செயலியும் (பிராசசர்) வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ கணினிகள் இதில் கழன்றுவிடுகின்றன. அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் சீக்கிரம் தேவைப்படும்.

சப்போர்ட் முடிஞ்சிட்டுன்னா கம்ப்யூட்டர் நின்னு போயிடுமா?

நிற்காது, நேற்று ஓடியது போலவே ஓடும். நின்றுபோவது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட, 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னகிரை வைரஸ் நினைவிருக்கலாம். அதில் சிக்கியவற்றில் மிகப் பெரும்பகுதி விண்டோஸ் 7 கணினிகள். அதை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச் மாதமே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இன்று விண்டோஸ் 7இல் அப்படி ஓர் ஓட்டை வெளிப்பட்டால் போட்டுக்கொள்ளத் திருத்தமே வராது.

பைத்தான் போட்டேன். ஏதோ டிஎல்எல் காணலைன்னு வருது. என்ன செய்ய?

டிஎல்எல் என்பது நிரல்கள் ஓடத் தேவைப்படும் துணைக் கோப்பு. பைத்தான் தளத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் புதிய பதிப்பை இறக்கியிருப்பீர்கள். 3.9 முதல் விண்டோஸ் 8.1க்குக் கீழே ஓடாது. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால் அதுதான் காரணம். அந்தக் கோப்பைத் தேடி ஏதாவது ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் தளங்களை நம்பவே கூடாது. பைத்தான் 3.8.10ஐ அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். அதற்குப் பின் வந்த 3.8 பதிப்புகளுக்கு விண்டோஸ் நிறுவியே வெளியிடப்படவில்லை என்பதால் 3.8.11, 3.8.12 என்று தேடி அலைய வேண்டாம்.

கோப்பின் பெயரில் 'சிஆர்டி' என்று வந்தால் அது வேறு சிக்கல். மைக்ரோசாஃப்டின் கேபி2999226 என்ற திருத்தம் உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம். அதற்கும் முன்னால் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பாருங்கள். கணினி ஐகானில் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ் போனால் தெரியும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் அங்கேயே இருக்கும். சர்வீஸ் பேக் போட்டபின் கேபி4474419ஐயும் போடுங்கள். 2019க்குப் பிறகு வந்த நிறுவிகளின் கையொப்பத்தை விண்டோஸ் 7 புரிந்துகொள்ள அது வேண்டும்.

மத்த சாஃப்ட்வேருக்கும் இதே கதைதானா? எதுக்கு எந்த வெர்ஷன்?

அதே கதைதான். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் என்றால் 1.70.3 கடைசி. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் 13 வரை போகும், ஆனால் நீண்டகால ஆதரவு பெற்ற 12ஐ வைத்துக்கொள்வது நல்லது. கோ மொழிக்கு 1.20, ரஸ்ட் மொழிக்கு 1.77, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் விண்டோஸுக்கு 2.46. விஷுவல் ஸ்டுடியோ 2019 சர்வீஸ் பேக் 1 உள்ள கணினியில் ஓடும், ஆனால் 2 ஜிபி ரேமில் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டே வரலாம். படம் வரைய ஜிம்ப் 2.10, 3டிக்கு பிளெண்டர் 2.83. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8உம் ஜாவா 8உம் பிரச்சினை இல்லாமல் போகும்.

ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை ஒவ்வொன்றிலும் அணைப்பது. அடுத்தது, நிறுவிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு இரண்டு இடத்தில் வைப்பது. பழைய பதிப்புகளைத் தளங்கள் என்றைக்கும் வைத்திருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஹார்ட் டிஸ்க் போனால் அந்தக் கோப்புறைதான் உங்களை மறுபடி எழுப்பும்.

காலேஜ்ல டர்போ சி தானே சொல்லித் தாராங்க. அதையே வச்சி கேம் எழுதினா என்ன?

வேண்டாம். டர்போ சி பிளஸ் பிளஸ், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓஎஸ் காலத்துக் கருவி. 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அது புரிந்துகொள்ளும் மொழி, 1998இல் சி பிளஸ் பிளஸுக்குத் தரநிலை வருவதற்கு முந்தையது. இன்றைய கம்பைலர் (நிரலை இயங்கு கோப்பாக மாற்றும் கருவி) அதில் எழுதிய பல வரிகளை ஏற்காது. விண்டோஸ் 7இலேயே மிங்டபிள்யூ என்ற இலவச கம்பைலர் நன்றாக வேலை செய்கிறது. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் மிங்டபிள்யூதான் இருக்கிறது. தேர்வுக்கு டர்போ சி படியுங்கள், கேமுக்கு இதை எடுங்கள்.

சரி, கேம் எஞ்சின் எதை எடுக்க? கோடோ 4 திறக்கவே மாட்டேங்குது.

கோடோ ஓர் இலவச கேம் எஞ்சின், அதில் கோடோ 3 எடுங்கள். நிறுவக்கூட வேண்டாம், ஒரே ஓர் இயங்கு கோப்பு. விளையாட்டை வெளியே எடுக்கத் தேவைப்படும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்கள் மட்டும் அதைவிடப் பெரியவை. அவற்றை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடோ 4 திறக்காததற்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான் காரணம். அதன் எளிய முறைக்கே, கிராஃபிக்ஸ் சிப்பிடம் வரையச் சொல்லும் ஓபன்ஜிஎல் என்பதன் 3.3 பதிப்பு வேண்டும். 2011 வாக்கில் வந்த லேப்டாப்களில் உள்ள இன்டெல் எச்டி 3000, விண்டோஸில் 3.1 வரைதான் கொடுக்கும். அதற்கு முந்தையது 2.1. அடுத்து வந்த எச்டி 4000 தான் 4.0ஐத் தொட்டது. கோடோ 3இல் புதுத் திட்டம் தொடங்கும்போது ஜிஎல்இஎஸ்2 என்பதைத் தேர்ந்தெடுத்தால் 2.1 உள்ள கணினியிலும் ஓடும். மேலே சொன்ன பிளெண்டர் 2.83க்கும் 3.3 வேண்டும் என்பதால், எச்டி 3000 வைத்திருப்பவர்கள் 2.79இல் நின்றுகொள்ளுங்கள்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு பைகேம், சி தெரிந்தவர்களுக்கு ரேலிப், ஜாவா தெரிந்தவர்களுக்கு லிப்ஜிடிஎக்ஸ். எனக்கு ரேலிப் மிகவும் பிடிக்கும். எடிட்டர் கிடையாது, எல்லாம் நிரல்தான், ஒவ்வொரு சட்டகமும் (ஃப்ரேம்) திரையில் எப்படி வருகிறது என்பது கண்முன் தெரியும். இரண்டு மாதம் அதில் உட்கார்ந்தவர்கள் பிறகு எந்த எஞ்சினுக்குப் போனாலும் தடுமாறுவதில்லை.

நம்ம ஊரு கட்டுமரத்தை வச்சி கேம் செய்றேன். தமிழ்ல எழுதினா எழுத்தெல்லாம் உடைஞ்சு வருதே?

இதில் உங்கள் மேல் தப்பே இல்லை. 'கொ' என்ற எழுத்து கணினிக்குள் க, அடுத்து ஒரு குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டுமானால், இரண்டையும் பார்த்து இடம் மாற்றி வரையும் ஓர் அடுக்கு வேண்டும். கோடோ 3இல் அந்த அடுக்கு கிடையாது, சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கோடோ 4 தான் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைச் சேர்த்து இதைச் சரிசெய்தது. ஆனால் முந்தைய பதிலில் சொன்னபடி பழைய கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் அது ஓடாது.

வழிகள் உண்டு. தலைப்பு, பொத்தான் போன்ற மாறாத சொற்களை ஜிம்ப்பில் தமிழில் எழுதிப் படமாக எடுத்துவிடுங்கள், அங்கே சரியாக வரும். உரையாடல் நிறைய இருந்தால் படமாக்கி மாளாது. அதற்கு டேஸ்16 இருக்கிறது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு (யூனிகோட்) சேர்த்துத் தரமாக அறிவித்த குறியாக்கம் அது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. 'கொ' ஒரே எழுத்தாக இருப்பதால் இடம் மாற்றும் வேலையே வராது. உரையை ஒருங்குறியில் எழுதி வைத்து, கேமுக்குள் போகும்போது மட்டும் டேஸுக்கு மாற்றி, அந்த எழுத்துருவைக் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பவை என்பதால் அவையும் வேலை செய்யும். ஆனால் அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் வந்தால் தொல்லைதான்.

உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கேம் என்றால் இந்தக் கவலையே இல்லை, உலாவியே தமிழைச் சரியாக அடுக்கிவிடும். லதா, விஜயா இரண்டும் விண்டோஸோடு வருபவை. அவற்றை உங்கள் கேமோடு சேர்த்து வெளியிடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை திறந்த உரிமம் உள்ளவை. முட்டத்துப் பாறையும் குளச்சல் கடற்கரையும் வரும் விளையாட்டில் பேச்சும் நம் தமிழில் இருக்கட்டும். இந்தச் சிரமத்துக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள்.

இதுலயே நெட் பாக்கலாமா? ஜிபே, பேங்க் வேலை எல்லாம்?

பேங்க் வேலை கண்டிப்பாகக் கூடாது. குரோம் 109உடன் விண்டோஸ் 7க்கு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீண்டகாலப் பதிப்பு அதன்பிறகும் பாதுகாப்புத் திருத்தம் பெற்று வந்தது. ஆவணங்கள் படிக்க உலாவி வேண்டுமென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உலாவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் இருக்கும் விண்டோஸ் ஓட்டையாகவே இருக்கும்.

இன்னொன்று, ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென்டிரைவ். கோப்புறையெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் வைரஸ் நம் ஊரில் இன்னும் சுற்றுகிறது. பிரிண்ட் எடுக்க ஒரு பென்டிரைவ், நிரலுக்கு வேறு பென்டிரைவ் என்று பிரித்து வையுங்கள்.

கிட்ஹப்புக்கு அனுப்பினா செர்டிபிகேட் எரர்னு வருது, பாஸ்வேர்டும் தப்புன்னு சொல்லுது.

கிட்டில் பதிந்த நிரலை இணையத்தில் வைக்கும் தளம் கிட்ஹப். அங்கே பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன லேப்டாப் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடும், அப்போது எந்தச் சான்றிதழும் செல்லாது. தேதி சரியென்றால், 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியான ஒரு வேர்ச் சான்றிதழ் (தளங்களை நம்பலாம் என்று உறுதி சொல்லும் அடிப்படைச் சான்று) காரணமாக இருக்கலாம். புதிய வேர்கள் வந்து சேராத விண்டோஸில் பல தளங்கள் இதனால் திறப்பதில்லை. கிட்டை நிறுவும்போது ஓபன்எஸ்எஸ்எல் என்ற தேர்வைக் கொடுத்தால், அது விண்டோஸை நம்பாமல் தன்னோடு வரும் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும்.

கடவுச்சொல் விஷயம் வேறு. 2021 ஆகஸ்ட் முதல் கிட்ஹப் கட்டளை வழியாகக் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு டோக்கன் (தனிச் சாவி) உருவாக்க வேண்டும். அதை ஃபோனில் உருவாக்கி, அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். லேப்டாப் கைவிட்டுப் போனாலும் கணக்கு போகாது.

நெட்டே இல்லாம பைத்தான் லைப்ரரி எப்படிப் போட?

இணையம் உள்ள வேறொரு கணினியில், பைத்தான் நூலகங்களை இறக்கி நிறுவும் பிப் கருவிக்கு டவுன்லோட் கட்டளையைக் கொடுங்கள். அதில் பைத்தான் பதிப்பு 3.8, தளம் விண்டோஸ் 64 பிட், முன்பே கட்டிய வீல் கோப்புகள் மட்டும் என்று மூன்றையும் குறிப்பிட வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் பதிப்பையும் அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்கித் தரும். பழைய கணினியில் பிப்பிடம் இணையத்தைத் தேடாமல் அந்தக் கோப்புறையிலேயே தேடச் சொன்னால் போதும். பிப்பைப் புதுப்பிப்பதாக இருந்தால் 25.0.1 வரைதான், அடுத்தது 3.8ஐ விட்டுவிட்டது.

இதுல செஞ்ச கேம் ஃப்ரெண்டோட விண்டோஸ் 11ல ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். பழையதில் கட்டியதைப் புதியது ஏற்பது விண்டோஸின் நல்ல குணம். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்றுதான் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியவை திரை அளவும் வேகமும். 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும் திரையில் உங்கள் சாளரம் மங்கலாகவோ சிறியதாகவோ தெரியலாம். கட்டுமரம் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இத்தனை புள்ளி நகரும் என்று எழுதியிருந்தால், வேகமான கணினியில் அது பறந்துவிடும். கடந்த நேரத்தால் பெருக்கி நகர்த்துங்கள்.

கையொப்பமில்லாத கோப்பு என்பதால் நண்பருக்கு நீல நிற எச்சரிக்கை வரும். அது உங்கள் பழைய கணினியால் வருவதில்லை, புதிதில் கட்டினாலும் வரும்.

பிளே ஸ்டோர்ல, ஸ்டீம்ல போடணும்னா சாரே?

இங்கேதான் பழைய கணினி மட்டும் போதாமல் போகிறது. பிளே ஸ்டோரில் புதிய செயலிகள் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இன்றைய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ விண்டோஸ் 7இல் ஏறாது. ஆனால் நிரலை கிட்ஹப்பில் வைத்து, கட்டும் வேலையை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிடம் விடலாம். கட்டுவது அவர்கள் கணினியில் நடக்கும். எல்லோரும் பார்க்கும்படி வைத்த திட்டங்களுக்கு இது இலவசம். தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்கள், வெளியிடுவதற்கு முன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும். தெருவில் இருக்கிற பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமின் செயலி 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7ஐ ஆதரிப்பதில்லை. ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணமும் உண்டு. முதல் விளையாட்டை இட்ச் என்ற கேம் தளத்தில் இலவசமாக, உலாவியில் ஓடும்படி போடுங்கள். யாரும் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

லினக்ஸ் போட்டா இந்தத் தலைவலி எல்லாம் தீராதா?

லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போட்டால் பாதுகாப்புத் தலைவலி தீரும். 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடச் சொல்வேன். புதிய பைத்தான், திருத்தம் வரும் உலாவி எல்லாம் கிடைக்கும். விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூடவே வந்திருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. 32 பிட் செயலி என்றால் டெபியன் 12 போடுங்கள், 13இல் அதை நிறுவும் வசதி நின்றுவிட்டது.

கிராஃபிக்ஸ் சிப்பின் வரம்பு ஓரளவு தளரலாம், முற்றாகப் போகாது. விண்டோஸை அழிக்காமல் இரண்டையும் வைத்திருங்கள். விளையாடப் போகிறவர்களில் பலர் விண்டோஸ்காரர்கள், அதில் ஓட்டிப் பார்க்காமல் வெளியிட முடியாது.

ரேம் கூட்டினா வேகம் வருமா? கடல் பக்கத்து வீடு வேற.

முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாற்றுங்கள், அதன் வித்தியாசம் உடனே தெரியும். விண்டோஸ் 7 அதை நன்றாகவே கையாளும். பிறகு ரேம். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று காற்றாடியையும் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி இடி மின்னலில் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால் எழுதியது போகும். பத்து வரி எழுதியதும் சேமிப்பது, ஒரு வேலை முடிந்ததும் கிட்டில் பதிவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கிக் குடுக்கலைன்னா மத்தவங்களுக்குப் பின்னால போயிடுவானா சார்?

போகமாட்டான். மாறிகள், வளையங்கள், செயற்கூறுகள் (ஃபங்ஷன்), மோதலைக் கண்டுபிடிப்பது, பிழை தேடுவது எதுவும் விண்டோஸ் 7க்கும் 11க்கும் மாறவில்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்குப் போனாலும், அவன் முடித்துக் காட்டும் ஒரு சிறிய விளையாட்டையும் அதன் நிரலையும் பார்த்துத்தான் பேசுவார்கள். மெதுவான கணினியில் எழுதுகிறவன், தன் நிரல் எங்கே நேரத்தைத் தின்கிறது என்று சீக்கிரமே கவனிக்கத் தொடங்குவான். கடன் வாங்கிப் புதுசு வாங்க வேண்டாம். கல்லூரியில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

அப்போ எந்த நேரத்துல இதை விடணும்?

உங்களுக்குத் தேவையான ஒரு நூலகம் பைத்தான் 3.8க்குக் கிடைக்கவே இல்லை என்னும்போது. கூட்டாக வேலை செய்பவர்கள் எல்லோரும் கோடோ 4க்குப் போய், உங்களால் அவர்கள் திட்டத்தைத் திறக்க முடியாதபோது. வேறொருவர் பணத்துக்கோ தகவலுக்கோ பொறுப்பான மென்பொருள் செய்யத் தொடங்கும்போது. மூன்றாவது வந்துவிட்டால் ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள்.

மாற்றும்போது, மேலே சொன்ன நிறுவிக் கோப்புறையையும் திட்டங்களையும் வெளித் தட்டுக்கு எடுத்து, புதிய கணினியில் திட்டங்கள் திறக்கின்றனவா என்று சரிபாருங்கள். பழையதை விற்க வேண்டாம். கிடைக்கிற விலை குறைவு, அது தரும் உதவி பெரிது. நீங்கள் அடுத்து செய்யும் விளையாட்டு மெதுவான கணினியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.